மதராஸ் போய்த் திரும்பிய வைன்: மதீராவில் ஐந்து நாள்

முதல் நாள்

மதீராவில் விமானம் எப்படி இறங்கும் என்பதை அக்கா மகன் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். லிஸ்பனிலிருந்து ஒன்றரை மணி நேரம் சமர்த்தாக வந்த விமானம், தீவு கண்ணில் பட்டதும் ஆட ஆரம்பித்தது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். சக்கரத்தை இறக்கி, ஓடுபாதை இதோ என்று வந்த நேரத்தில் விமானி மனசு மாறி மறுபடி மேலே ஏற்றிவிட்டார். இரண்டாவது தடவைதான் தரை தட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் இரண்டு கையும் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இங்க இது சகஜம் மாமா. காத்து அப்படி," என்றான்.

இந்தத் தீவில் நீளமாக ஓடுபாதை போட சமதளம் கிடையாது. அதனால் 2000ஆம் ஆண்டு கடலோரத்தில் 180 தூண்களை நட்டு, அதன் மேல் ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். அடியில் காரில் போகும்போது கத்திப்பாரா மேம்பாலம் ஞாபகம் வந்தது. அங்கே மேலே பஸ் போகும், இங்கே விமானம்.

சரி, எதற்கு இங்கே வந்தோம்? பழைய மதராஸ் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. கும்பெனிக்காலத்து விருந்து, வீட்டுச் சாமான், சரக்குக் கப்பல் என்று எதைப் படித்தாலும் 'மதீரா' என்ற பெயர் எங்காவது தலைகாட்டிவிடும். ஏதோ வெள்ளைக்கார பானம் என்று ரொம்ப நாள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா மகன் லிஸ்பனுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அது ஒரு தீவின் பெயர், போர்த்துகலுக்குச் சொந்தமானது, அங்கே வைன் இன்னும் அதே முறையில் முதிர்கிறது என்று உறைத்தது. இங்கே முதிய இனிப்பு வைன் ஒன்றைக் குடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான் திட்டம்.

நான் குடிக்கிற ஆள் இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, அதுவும் யாராவது ஊற்றிக் கொடுத்தால். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து அங்கே போய்ச் சொல்ல வேண்டாம்.

தீவின் தலைநகரான ஃபுன்சாலின் பெயரே இங்கே காடாக வளர்ந்திருந்த பெருஞ்சீரகத்திலிருந்து வந்தது. சோம்பு ஊர். பெயரைக் கேட்டதும் பசித்தது. ராத்திரிக்கு எஸ்பாடா என்ற கறுப்பு நிற ஆழ்கடல் மீனை வறுத்து, மேலே வாழைப்பழத்தையும் வறுத்து வைத்துத் தந்தார்கள். மீனும் வாழைப்பழமும்! தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

ஓட்டலில் கடல் தெரியும் அறை என்று பணம் வாங்கியிருந்தார்கள். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இடது பக்கம் திருப்பினால் தெரிகிறது.

இரண்டாம் நாள்

காலையில் அவெனீதா அரியாகா என்ற தெருவில் இருக்கும் பிளாண்டிஸ் வைன் கிடங்குக்குப் போனோம். ஜான் பிளாண்டி என்ற ஆங்கிலேயர் 1811இல் தொடங்கிய வியாபாரம். ஊருக்கு நடுவே பழைய கட்டடங்கள், கல் பாவிய முற்றம், மரப்படிகள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திராட்சைச் சாறு நொதிக்கும்போது அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுகொண்டே வரும். பாதியில் 96 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துப்போகும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். சீக்கிரம் சேர்த்தால் இனிப்பு அதிகம், தாமதமாகச் சேர்த்தால் குறைவு. இதுவரை போர்ட் வைன் மாதிரிதான். அப்புறம் செய்வதுதான் விசித்திரம். வைன்காரர்கள் பயப்படும் இரண்டு எதிரிகள் சூடும் காற்றும். இவர்கள் அந்த இரண்டையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள்.

மலிவான ரகத்தைத் தொட்டியில் ஊற்றி, 45 முதல் 50 டிகிரி வரை மூன்று மாதமாவது சூடேற்றுவார்கள். நல்ல ரகத்துக்கு அந்த அவசரம் இல்லை. அதை மரப் பீப்பாயில் ஊற்றிக் கட்டடத்தின் உச்சி மாடியில், கூரைக்கு நேர் கீழே வைத்துவிடுவார்கள். வெயில் கூரையைச் சுடும், கூரை பீப்பாயைச் சுடும். வருடங்கள் போகப் போக பீப்பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ் மாடிகளுக்கு இறக்குவார்கள். பீப்பாய்கள் உட்கார்ந்திருக்கும் உத்தரங்களின் பெயரால் இந்த முறைக்கு 'கான்தெய்ரோ' என்று பெயர்.

உச்சி மாடிக்கு ஏறியதும் ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. இது எங்கள் வீட்டுப் பரண். அதே புழுக்கம், தலை இடிக்கும் உத்தரம், தூசு மிதக்கும் ஒற்றை வெளிச்சம். வாசனை மட்டும் வேறு. வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் பழைய புளியைக் கொட்டி வைத்த மாதிரி. பீப்பாயின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, ஒரு மாட்டின் வயிறு மாதிரி. தட்டிப் பார்த்தால் மேல் பாகம் காலியாக ஒலிக்கிறது. மரத்தின் வழியாக வருடா வருடம் கொஞ்சம் காற்றோடு போய்விடும், மீதி இறுகும்.

வழிகாட்டிப் பெண் "பீப்பா, பீப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போர்த்துகீசியத்தில் பெரிய பீப்பாய்க்கு அதுதான் பெயர். 'பீப்பாய்' நமக்கு அங்கிருந்து வந்ததுதான். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவை. "எங்க ஊர்லயும் பீப்பாய்தான்" என்று அக்கா மகன் போர்த்துகீசியத்தில் சொன்னதும் அவர் நம்பவில்லை. செல்போனில் எழுதிக் காட்டி, நான் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். கூட வந்த ஜெர்மன்காரர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

இனி மதராஸ் கதை. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பும் கப்பல்கள் மதீராவில் நின்று தண்ணீரும் காய்கறியும் வைன் பீப்பாய்களும் ஏற்றிக்கொள்ளும். அங்கிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். போகும் வழியில் இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்ட வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் காற்றோட்டம் கிடையாது, வெந்நீர்த் தவலை மாதிரி கொதிக்கும். சாதாரண வைன் இதில் காடியாகியிருக்கும். மதீராவோ முன்பைவிட நன்றாகிவிட்டது. விற்காமல் திரும்பி வந்த ஒரு பீப்பாயை உடைத்துக் குடித்தபோதுதான் இது தெரிந்தது என்று கதையாகச் சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, அதற்குப் பிறகு வேண்டுமென்றே பீப்பாய்களை இந்தியாவுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து விற்றார்கள். அதற்கு 'வின்யோ த ரோடா' என்று பெயர். சுற்றி வந்த வைன்.

போகும்போது இரண்டு முறை, வரும்போது இரண்டு முறை, ஆக நான்கு முறை பூமத்திய ரேகையைத் தாண்டிய சரக்கு. இதில் மதராஸில் கரையிறங்கிய பீப்பாய்களை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது அங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் ஆட்கள் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கை இறக்குவார்கள். 400 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பீப்பாய், அந்த அலையில், அந்தப் படகில். கோட்டைக்குள் உட்கார்ந்து குடித்தவனின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. துடுப்புப் போட்டவன் ஒரு சொட்டாவது ருசி பார்த்தானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லப்படும் கதையோ அமெரிக்கக் கதை. 1776இல் சுதந்திரப் பிரகடனத்தைக் கொண்டாட இந்த வைனைத்தான் உயர்த்தினார்கள் என்று இன்றைக்கு மட்டும் மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன். பரவாயில்லை, அவர்கள் நிறைய வாங்கினார்கள்.

ராத்திரி ஓட்டல் பாரில் மூன்று வருட மதீரா ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். இருமல் மருந்து. நாளைக்கும் இப்படியே இருந்தால் இந்தப் பயணம் பெரிய கோமாளித்தனம்.

மூன்றாம் நாள்

திராட்சை எங்கே வளர்கிறது என்று பார்க்கக் கிளம்பினோம். தீவு முழுக்கச் செங்குத்து. மலையை வெட்டிக் கல் அடுக்கி, வீட்டு வாசல் அளவுக்குச் சின்னச் சின்னப் படிக்கட்டு வயல்களாகக் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்யும் வடக்குச் சரிவிலிருந்து தெற்குக்குத் தண்ணீர் கொண்டுவர மலை ஓரமாகவே கால்வாய்கள். லெவாடா என்கிறார்கள். கொடியை இடுப்பு உயரத்துக்குப் பந்தலில் படரவிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் புடலங்காய்ப் பந்தல்தான், இன்னும் தாழ்வாக. அறுவடை நேரம் என்பதால் ஆட்கள் பந்தலுக்கு அடியில் குந்திக்கொண்டு, சில இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு குலைகளை வெட்டுகிறார்கள். எந்த இயந்திரமும் இங்கே ஏறாது. முன்பெல்லாம் சாற்றை ஆட்டுத்தோல் பையில் நிரப்பி, முதுகில் சுமந்து, மலைப்பாதை வழியே ஃபுன்சாலுக்குக் கொண்டுபோவார்களாம்.

கூட்டமான இடங்களை விட்டுவிட்டு ஃபழாம் துஷ் பாத்ரெஷ் என்ற இடத்துக்குப் போனோம். செங்குத்துப் பாறைக்குக் கீழே, கடலோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு நிலம். கேபிள் காரில் இறங்க வேண்டும், இல்லையென்றால் படகு. 'பாத்ரெஷ்' என்றால் பாதிரிகள். அந்தச் சொல்லும் நம்முடையதாகிவிட்டது. சேசு சபைப் பாதிரிகளுக்குச் சொந்தமாக இருந்த நிலம் இது. மால்வசியா என்ற திராட்சை ரகத்தில் அவர்கள் செய்த வைன் பேர் பெற்றது.

கேபிள் காரில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மாமா, பாதி தூரம்தான், கண்ணத் திறங்க" என்று அவன் சொல்லச் சொல்லத் திறக்கவில்லை. கீழே இறங்கித் திறந்தால் எதிரே மாமரம். பக்கத்தில் வாழை, பப்பாளி. அட்லாண்டிக் கடலுக்கு நடுவே மாமரத்தின் அடியில் நின்றுகொண்டு, இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று சிரித்தோம். பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்டு ராத்திரி விடுகிறது. அதனால்தான் மாமரமும் பிழைக்கிறது, சூடு கேட்கும் மால்வசியாவும் பிழைக்கிறது.

ரகங்களின் கணக்கு அங்கேதான் புரிந்தது. கடலோர வெப்பத்தில் மால்வசியா, மிக இனிப்பு. கொஞ்சம் மேலே புவால், அதைவிட இனிப்புக் கம்மி. வெர்தெல்யோ இன்னும் கம்மி. மலை உச்சிக் குளிரில் செர்சியால், புளிப்பும் வறட்டுத்தன்மையும். இந்த நாலும்தான் பெரிய பெயர்கள். ஆனால் தீவில் விளைவதில் பெரும்பங்கு தின்தா நேக்ரா என்ற கறுப்புத் திராட்சை. ஊர் உழைப்பாளி. பேர் மற்றவர்களுக்குப் போகும்.

மாலையில் காமரா த லோபுஷ் மீனவர் கிராமம். சர்ச்சில் 1950இல் இங்கே உட்கார்ந்து படம் வரைந்தார் என்பதால் அவர் பெயரில் எல்லாம் இருக்கிறது. கரும்புச் சாராயமும் தேனும் எலுமிச்சையும் கலந்த போஞ்சா குடித்தோம். எனக்கு இது வைனைவிடப் பிடித்திருந்தது என்று சொன்னால் தலைப்பை மாற்ற வேண்டிவரும். முடிவை நாளை மறுநாளுக்குத் தள்ளிவைக்கிறேன்.

நான்காம் நாள்

மழை. மேகம் ஓட்டல் வரைக்கும் இறங்கிவிட்டது. மோந்தே தேவாலயம் போய் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் கார்லின் கல்லறையைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினோம். நாடு கடத்தப்பட்டு இங்கே வந்து 1922இல் இறந்தவர். மத்தியானம் தூக்கம். ராத்திரி அவன் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங். நான் கரும்புப் பாகில் செய்த போலோ த மெல் கேக்கைக் கையால் பிய்த்துத் தின்றேன். கத்தி வைக்கக் கூடாதாம். சாஸ்திரம்.

ஐந்தாம் நாள்

ருவா துஷ் ஃபெர்ரெய்ருஷ் என்றால் கொல்லர் தெரு. அந்தத் தெருவில் பெரெய்ரா டொலிவெய்ரா. 1850இல் தொடங்கிய குடும்ப வியாபாரம். பழைய வருடங்களின் வைனைப் பீப்பாயிலேயே பொத்திப் பொத்தி வைத்து, தேவைக்கு மட்டும் பாட்டிலில் அடைத்து விற்பதில் பெயர் போனவர்கள். உள்ளே இருட்டு, மரவாசனை, சுவரோரம் பீப்பாய்கள். பாட்டில்களில் காகித லேபிளுக்குப் பதில் வெள்ளை வண்ணத்தில் அச்சிட்ட எழுத்து. எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. மற்ற வைன் பாட்டிலைப் படுக்க வைப்பார்கள். இதைப் படுக்க வைத்தால் கார்க்கையே தின்றுவிடுமாம்.

அலமாரியில் 1908 என்று எழுதிய புவால் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம்.

நான் கேட்டது 1968 புவால். நான் பிறந்த வருடம். மெரினாவில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்களே, உலகத் தமிழ் மாநாடு நடந்ததே, அந்த வருடம். பிறந்த வருட வைனைக் கேட்பது சுற்றுலாக்காரத்தனம்தான், தெரியும். கேட்டேன். பாட்டிலில் 'ஃப்ரஷ்கெய்ரா' என்று போட வேண்டுமானால் ஒரே வருட அறுவடை, ஒரே ரகம், குறைந்தது 20 வருடம் பீப்பாய் வாசம். இது அதைவிட எத்தனையோ வருடம் கூட இருந்திருக்கிறது.

கட்டைவிரல் உயரத்துக்கு ஊற்றினார்கள். இருந்த காசுக்கு அவ்வளவுதான்.

நிறம் கருப்பட்டிக் காப்பி. கிளாஸைச் சாய்த்தால் விளிம்பில் மட்டும் ஒரு பச்சை ஓடுகிறது, நல்லெண்ணெயை வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். முதலில் சுரீர் என்று ஏறியது, நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி. ஏமாற்றமாக இருந்தது. "கொஞ்சம் விடுங்க மாமா, அது போகும்," என்றான். ஐந்து நிமிஷம் தொடாமல் வைத்திருந்தேன். மறுபடி முகர்ந்தபோது வந்தது வெந்தயம். சந்தேகமே இல்லை. வாணலியில் வெந்தயம் சிவந்து, இன்னும் ஒரு நொடி விட்டால் கசந்துவிடும் என்று அம்மா அடுப்பை அணைப்பாளே, அந்த வாசனை. அதன் பின்னால் பாகு முற்றிய வெல்லம், காய்ந்த ஆரஞ்சுத் தோல்.

"வத்தக்குழம்பு தாளிக்கிற மாதிரி இருக்குடா," என்றேன். அவன் சிரித்து, செல்போனில் தேடி, சிரிப்பை நிறுத்திவிட்டுக் காட்டினான். சோட்டலோன் என்று ஒரு வேதிப்பொருள். வெந்தயத்துக்கு வாசனை தருவது அதுதான். நாட்டுச் சர்க்கரையிலும் உண்டு. முதிய மதீராவிலும் அதுவேதான், வயது ஏற ஏற அதிகமாகும். ஆக என் மூக்கு பொய் சொல்லவில்லை.

வாயில் வைத்தேன். இனிப்பு வந்தது, பாகு மாதிரி கெட்டியாக. ஐயோ திகட்டப் போகிறது என்று நினைத்த கணத்தில் புளிப்பு வந்து அதை இரண்டாக வெட்டியது. எலுமிச்சைப் புளிப்பில்லை. கறுத்துப்போன பழைய புளியின் புளிப்பு. நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கி, மறுபடி இனித்து, மறுபடி புளித்து, கடைசியில் உப்பு மாதிரி ஏதோ ஒன்று தங்கியது. விழுங்கிய பிறகும் போகவில்லை. காசு கொடுத்து, தெருவுக்கு வந்து, சந்தை வரைக்கும் நடந்தோம். அங்கே மீன் வாசனைக்கு நடுவிலும் வாயில் அது இருந்தது.

கடையில் பக்கத்து மேசையில் ஒருவர் மால்வசியா குடித்துக்கொண்டு சொக்கிப் போயிருந்தார். அக்கா மகன் எனக்கும் ஒரு வாய் வாங்கித் தந்தான். நல்ல இனிப்பு, ஆனால் சண்டை இல்லை. எனக்குப் புவால்தான். இரண்டாம் நாள் இருமல் மருந்துக்கு ஓட்டலை மன்னித்துவிட்டேன். மூன்று வருடத்தில் அது என்ன செய்யும் பாவம்.

கடைக்காரர் ஒன்று சொன்னார். திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் அப்படியே வைத்திருக்கலாம், ஒன்றும் ஆகாது. சூட்டையும் காற்றையும் அது ஏற்கெனவே பார்த்துவிட்டது, இனிமேல் பார்க்க என்ன இருக்கிறது? சென்னையில் மே மாதத்தில்கூடவா என்று கேட்கச் சொன்னேன். அக்கா மகன் மொழிபெயர்த்தான். அவர் தோளைக் குலுக்கி, "முன்னாடி அங்கதானே அனுப்பினோம்," என்றார்.

பாட்டில் வாங்கவில்லை. வாங்கினால் எங்கே வைப்பது, யாருக்குத் தெரியாமல் வைப்பது?

ராத்திரி அம்மா வீடியோ காலில் வந்தாள். சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று கேட்டுவிட்டு, "அங்க என்னடா விசேஷம்?" என்றாள். நான் கடல், மலை, மாமரம் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "பாட்டி, மாமா இன்னைக்கு ஒரு பழைய திராட்சை ரசம் சாப்பிட்டார்!" என்றது ஒரு குரல். திரும்பி முறைத்தேன். ஏற்கெனவே வாசல் பக்கம் போய்விட்டான்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் அவள் போட்ட உப்பு நாரத்தங்காய் ஒன்று இருக்கிறது. வெயில் காலத்தில் மொட்டை மாடிக்கு ஏறி, அப்புறம் ஜாடிக்கு இறங்கி, பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கறுத்துக்கொண்டே இருக்கிறது. காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு துண்டு கிடைக்கும்.

"எத்தனை வருஷத்துது?" என்றாள்.

"என் வயசும்மா."

"கெட்டுப்போகலையா?"

"இல்லம்மா. மாடியில, கூரைக்குக் கீழ, சூட்டுலயே வச்சிருக்காங்க."

"உப்பு போட்டிருப்பாங்க," என்றாள் அம்மா, ரொம்பத் தெரிந்த மாதிரி.